அசிரியருக்கு ஒரு ஆவன்னா

அசிரியர்கள் பாடப்புத்தகத்தோடு முடிந்துபோனவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சான் ஹோசேயில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சர்ச்சுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருபவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான் என்பது, அங்கே குடிவந்து பல வருடங்கள் கழித்து, ஃப்ரீமான்ட்டில் இருக்கும் ஒரு தோழி மூலம் தெரிந்தது. அவளுடைய ஒரே மகன் அந்தச் சர்ச்சுக்கு வரும் குடும்பம் ஒன்றில் பெண் பார்த்திருந்தான். அவனாகவே பார்த்துக்கொண்டான்.

தோழிக்கு ஈரோடு. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரு சனிக்கிழமை காலை, மௌரி அவென்யூவில் வாங்கிய முருங்கைக்காயும் கறிவேப்பிலையுமாக வீட்டுக்கு வந்தாள். என்னால் ஏதாவது ஆக வேண்டியிருந்தால் முதலில் காய்கறி கொண்டுவருவது அவள் வழக்கம்.

"அக்கா, நீங்க பேப்பர்ல வேலை பாத்தவங்க. ஒரு பக்கம் எழுதிக் குடுக்கணும்ங்க."

"என்ன பக்கம்?"

"பொண்ணு வீட்டுக்காரங்க யாருன்னு. இன்விடேஷனோட வெச்சு ஊருக்கெல்லாம் குடுக்கறதுக்கு."

கல்யாண அழைப்பிதழோடு சம்பந்தி வீட்டாரின் வரலாறு வைக்கும் வழக்கம் எனக்குத் தெரிந்து எங்கும் கிடையாது. காரணம் கேட்டேன். அவள் கணவரின் அண்ணன்தான் காரணம். அப்பா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர் அவர். இப்போது தம்பியும் இல்லை. மணமேடையில் மாப்பிள்ளையின் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் அவர் நிற்க வேண்டும். அவரிடம் பத்து வருட விசா இருக்கிறது, உடம்பும் நன்றாக இருக்கிறது. வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

"என்ன ஆளுங்கன்னு கேட்டாருங்க. அசிரியன்னு சொன்னேன். சிரியாவான்னு கேட்டாரு. சிரியா இல்லீங்க மாமா, அசிரியான்னேன். அது எங்க இருக்குதுன்னாரு. இப்ப இல்லீங்க மாமான்னேன். போனை வெச்சுட்டாரு."

"அப்புறம் பேசவே இல்லையா?"

"மறுநாள் கூப்புட்டாரு. அசுரருன்னு புராணத்துல வருதே, அவிங்களான்னு கேட்டாரு. இல்லீங்க, சர்ச்சுக்குப் போறவங்கன்னேன். 'பாக்கலாம்'னாருங்க. அக்கா, அந்த வீட்ல பாக்கலாம்னா வரமாட்டேன்னு அர்த்தம்."

முருங்கைக்காயை அவளே எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

"அவரு வந்து நின்னாத்தானுங்க அது கல்யாணம். இல்லீன்னா எனக்கு அது ரிஜிஸ்டர் ஆபீஸ்."

போனில் வருவதை அவர் நம்ப மாட்டார், அச்சில் இருந்தால் நம்புவார் என்பது அவள் கணக்கு. காலையில் நாளிதழை ஏல அறிவிப்பு வரை படித்துவிட்டுத்தான் அவர் சாப்பிட உட்காருவாராம். நான் சென்னையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தவள். அப்படிப்பட்ட வாசகர்களிடமிருந்து தப்பைச் சுட்டிக்காட்டும் போஸ்ட் கார்டு வாங்கிப் பழக்கம் உண்டு. எழுதித் தருகிறேன் என்றேன்.

மறுவாரம் பெண்ணின் அப்பாவைப் பார்க்கப் போனேன். வடக்கு இராக்கில் ஒரு கிராமத்தில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா வந்தவர். வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட். சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர் கொடுத்தார். கூடத்துச் சுவரில் சிறகு முளைத்த காளையின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. அவர் பேசியது ஆங்கிலத்தில். வீட்டில் அராமிக் பேசுகிறார்கள், மகளுக்குப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும் என்றார். எங்கள் வீடுகளிலும் அதேதான் என்றேன்.

நான் என்ன எழுதப்போகிறேன் என்று கேட்டார். தொடக்க காலம் என்றேன்.

"பேரரசிலிருந்து ஆரம்பியுங்கள். சிங்க வேட்டை, அரண்மனை, நூலகம்."

"அது ஆயிரம் வருடத்துக்குப் பிறகு வருவது. எனக்கு ஒரு பக்கம்தான் இடம்."

"அப்படியானால் எதை எழுதுவீர்கள்?"

"கழுதைகளை."

அவர் குவளையைக் கீழே வைத்தார். நான் படித்த வரையில் சொன்னேன். டைகிரிஸ் ஆற்றங்கரையில், பாறைமேட்டில் அசூர் என்று ஒரு சிறிய ஊர். தெற்கே இருந்த பெரிய அரசுகளுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்து, நாலாயிரம் வருடங்களுக்கு முன் தன் காலில் நின்றது. நிலம் குறைவு, படையும் பெரிதில்லை. பிழைப்பு வியாபாரம். கிழக்கிலிருந்து வெள்ளீயம் வாங்கி, துணியோடு சேர்த்துக் கறுப்புக் கழுதைகளில் ஏற்றி, மலை தாண்டி, இன்று துருக்கி என்கிற நாட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோய் விற்று வெள்ளி கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு கோட்டை ஊரின் அடிவாரத்தில் வியாபாரிகள் தெருவே வைத்திருந்தார்கள். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தத் தெருவில் கிடைத்த களிமண் கடிதங்களிலிருந்து தெரிந்ததுதான்.

"துணி?" என்றார்.

"நிறையத் துணி வீட்டுப் பெண்கள் நெய்தது. கணவன் வெளியூரில். மனைவி இங்கே தறியில்."

"சான் ஹோசேக்கும் பெங்களூருக்கும் நடுவில் நடப்பது மாதிரி," என்று சமையலறையிலிருந்து அவர் மகள் சொன்னாள். அவள் இப்போது ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மருமகளாகப் போகிறவள் என்பதால் இந்த மாதிரி விஷயங்களில் தேறியிருந்தாள்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். பெயரைச் சரியாக எழுத வேண்டும். "எங்களுக்கு நாடு கிடையாது. எல்லோரும் சிரியன் என்கிறார்கள், அரபு என்கிறார்கள், விசா விண்ணப்பத்தில் வேறு ஏதோ ஒன்றில் டிக் அடிக்கச் சொல்கிறார்கள். பெயர் ஒன்றுதான் மிச்சம்."

வீட்டுக்கு வந்து எழுதினேன். தமிழில் அசீரியர் என்றும் எழுதுகிறார்கள், அசிரியர் என்றும் எழுதுகிறார்கள். பைபிளில் நெடில். பிற்காலப் புத்தகங்கள் சிலவற்றில் குறில். நான் குறிலை எடுத்துக்கொண்டேன். மற்ற விவரங்களில் ஈரோட்டுக்காரருக்குப் பிடிபடக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்தேன். அசூரின் அரசர்கள் தங்களை அரசன் என்று சொல்லிக்கொள்ளவில்லை, அரசன் அசூர் என்கிற சாமிதான், தாங்கள் சாமியின் காரியஸ்தர் என்றார்கள். வருடத்துக்கு எண் கிடையாது, பெயர்தான். ஒவ்வொரு வருடமும் சீட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் பெயரையே வருடத்துக்கு வைத்தார்கள். நம்முடைய பிரபவ, விபவ என்கிற வருடப் பெயரும் குடவோலையும் ஒன்றாகச் சேர்ந்தது போல என்று எழுதினேன். அவர்களுடைய அரசர் பட்டியல், கூடாரங்களில் வாழ்ந்த அரசர்கள் என்று பதினேழு பேரிலிருந்து தொடங்குகிறது என்பதையும் சேர்த்தேன். ஒரு வியாபாரி, துணியில் எந்தப் பக்கத்தை எப்படிச் சீப்பால் சீவ வேண்டும், எவ்வளவு கம்பளி போட வேண்டும், எந்தக் கனத்தில் நெய்து அனுப்ப வேண்டும் என்று வீட்டுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி இரண்டு வரி. தோழியின் மைத்துனரான அந்த அண்ணன் ஜவுளிக் கடை வைத்திருந்தவர் என்பது தெரிந்தே எழுதிய வரிகள் அவை.

தோழி வாசித்தாள்.

"கல்யாணப் பத்திரிகைல கழுதையாக்கா?"

"கழுதை இல்லாவிட்டால் அவர்கள் வரலாறே இல்லை."

"சரிங்க. இது என்ன, வியாபாரத்துக்குப் போன ஊர்ல இன்னொரு பொண்டாட்டி வெச்சுக்கலாம்னு?"

"வழக்கம் அனுமதித்திருக்கிறது. ஒப்பந்தங்கள் கிடைத்திருக்கின்றன."

"கிடைச்சா கிடைச்சுட்டுப் போகுது. அதை எடுங்க முதல்ல."

எடுத்தேன். கடைசி வாக்கியம், இன்றைய அசிரியர்கள் தங்களை அந்த மக்களின் வழிவந்தவர்களாகக் கருதுகிறார்கள் என்று முடிந்தது. பெண்ணின் அப்பாவுக்குப் போனில் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு அந்தக் 'கருதுகிறார்கள்' பிடிக்கவில்லை. நீங்கள் உங்களைத் தமிழராகக் கருதிக்கொள்கிறீர்களா அல்லது தமிழர்தானா என்று கேட்டார். அறிஞர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை என்றேன். வாக்கியம் அப்படியே இருந்தது.

பக்கம் ஈரோட்டுக்குப் போயிற்று. அழைப்பிதழ் அடிக்கும் பொறுப்பைத் தோழியின் மைத்துனர் மகன் ஏற்றிருந்தான். மைத்துனர் வந்தாலும் வராவிட்டாலும் ஊரில் பத்திரிகை கொடுக்காமல் இருக்க முடியாது என்பது அந்த வீட்டு முறை. பத்து நாள் கழித்துத் தோழி போன் செய்தாள். நான் அலுவலகத்தில் இருந்தேன். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் விளங்கவில்லை.

"வர்றாருங்கக்கா! டிக்கெட் புக் பண்ணச் சொல்லிட்டாரு. அவரு சம்சாரம் பெரியக்காவும் வர்றாங்க. 'ஏனம்மிணி, வாத்தியார் குடும்பம்னு முன்னாடியே சொல்லியிருந்தா இத்தனை பேச்சு எதுக்கு'ங்கறாரு."

"எந்த வாத்தியார்?"

"அதான் எனக்கும் புரியலீங்க. பொண்ணோட அப்பா ரியல் எஸ்டேட்டு. அம்மா பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல இருக்காங்க. நீங்க ஏதாச்சும் எழுதினீங்களா?"

நான் எழுதவில்லை என்றேன்.

அழைப்பிதழ்ப் பார்சல் வந்த அன்று மாலை ரயிலேறி ஃப்ரீமான்ட் போனேன். மஞ்சள் தடவிய உறைகள். உள்ளே செருகிய தாள் வழுவழுப்பான காகிதத்தில், ஓரத்தில் வாழைமரத்தோடு அச்சாகியிருந்தது. முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

'மணமகள் ஆசிரியர் இனத்தைச் சேர்ந்தவர்.'

அச்சகத்தில் தட்டச்சு செய்தவருக்கு அசிரியர் என்று ஒரு சொல் தெரிந்திருக்கவில்லை. எழுதிய அம்மாவுக்கு அவசரம், ஆவன்னாவை ஆனாவாக அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, பொறுப்போடு தாள் முழுக்கத் திருத்தியிருந்தார். ஓர் இடத்தைக்கூட விடவில்லை. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர்கள் கறுப்புக் கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் ஏற்றிச் சென்றார்கள். ஆசிரியர்களின் முதல் அரசர்கள் கூடாரங்களில் வாழ்ந்தார்கள். இன்றைய ஆசிரியர்கள் தங்களை அந்த ஆசிரியர்களின் வழிவந்தவர்களாகக் கருதுகிறார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கு ஆட்சேபம் சொல்ல ஒன்றும் இல்லை. நானே பல வருடம் துணை ஆசிரியர்.

தோழி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பை அவள் காலையிலேயே கண்டுபிடித்திருந்தாள்.

"விட்டுடலாம்ங்கக்கா."

நான் தாளை உறைக்குள் திருப்பிச் செருகினேன்.

"யாரு படிக்கப் போறாங்க? அவங்களுக்குத் தமிழ் தெரியாது. என் பையனுக்குப் பேச வரும், படிக்கத் தெரியாது. ஊர்ல எல்லாரும் வாத்தியார் குடும்பம்னு சந்தோசமா இருக்காங்க. மாமா டிக்கெட் போட்டுட்டாரு. உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவ்வளவுதானுங்களே."

"உன் வீட்டுப் பத்திரிகை," என்றேன். பத்திரிகை வேலையில் எனக்குக் கற்றுத்தரப்பட்டது வேறு. ஆனால் இது அந்தப் பத்திரிகை இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பெண்ணின் அப்பா அழைப்பிதழ் வாங்க வந்தார். தோழி என்னையும் இருக்கச் சொல்லியிருந்தாள். சொஜ்ஜி பஜ்ஜி செய்திருந்தாள். அவர் பஜ்ஜியை ரசித்துச் சாப்பிட்டார், கையைத் துடைத்துக்கொண்டார், தாளை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"எங்கள் பெயர் எது?"

தோழி என்னைப் பார்த்தாள். பிறகு விரலை முதல் வரியில் வைத்தாள். அவர் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். போனை எடுத்து அந்தச் சொல்லை மட்டும் படம் பிடித்தார்.

"ஹால் வாசலில் ஒரு போர்டு வைக்கிறேன். எங்கள் எழுத்தில், ஆங்கிலத்தில், உங்கள் எழுத்தில் மூன்றிலும் எங்கள் பெயர். என் மைத்துனன் மரத்தில் வெட்டித் தருவான். நாளைக்கே வேலையை ஆரம்பித்துவிடுவான்."

"நோ நோ," என்றாள் தோழி. "மிஸ்டேக். சார், அது தப்பு."

பிறகு நின்றுகொண்டே, அவளுக்கு வந்த ஆங்கிலத்தில், நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். இது டீச்சர் என்கிற சொல். அச்சுக்காரர் மாற்றிவிட்டார். ஊரில் டீச்சர் குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் பையனின் பெரியப்பா வருகிறார். எனக்குத் தெரியும், தெரிந்தே உங்களிடம் இதைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்களை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை," என்றார். சிரிக்கவில்லை. படத்தைப் போனிலிருந்து அழித்தார். "திருத்த முடியுமா?"

முடியும் என்றாள். அதனால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

அவர் போனதும் ஈரோட்டுக்குப் போன் போட்டாள். அங்கே ஞாயிறு காலை. ஸ்பீக்கரில் குக்கர் விசில் சத்தம் கேட்டது.

"மாமா, அந்தத் தாள்ல ஒரு தப்பு ஆயிப்போச்சுங்க. ஆசிரியர்னு இருக்கறதெல்லாம் அசிரியர்ங்க. ஆவன்னா இல்லீங்க, ஆனாங்க. அவங்க வாத்தியாருங்க இல்லீங்க மாமா."

"தெரியும்."

"என்னதுங்க?"

"ஏனம்மிணி, நானென்ன படிக்காமயா வெச்சிருக்கறேன்? துணியை இந்தக் கனத்துல நெய்யி, இந்தப் பக்கம் சீவு, அந்தப் பக்கம் உடுன்னு பொண்டாட்டிக்கு லெட்டர் போட்டிருக்கறான் பாரு, அவன் வாத்தியாரா? யாவாரி. நம்மாளு. எந்த வாத்தியாரு கழுதையில தகரம் ஏத்துனான்?"

தகரமில்லை, வெள்ளீயம் என்று என் வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அப்பறம் எதுக்குங்க வாத்தியார் குடும்பம்னு சொன்னீங்க?"

"நானா சொன்னேன்? அடிச்சு வந்திருக்குது. ஊர்ல நாலு பேரு என்ன ஆளுங்க, என்ன ஆளுங்கன்னு உசுர வாங்கறாங்க. தாளை நீட்டுனேன், வாயை மூடிட்டாங்க. நல்லதாப் போச்சுன்னு உடு."

"உட முடியாதுங்க மாமா. வேற தாள் அடிக்கணும்ங்க. குடுத்த எடத்துக்கெல்லாம் மறுக்காக் குடுக்கணும்ங்க."

"எல்லாத்துக்குமா?"

"ஆமாங்க."

"வாத்தியாருன்னு நீட்டுன கையாலயே வாத்தியாரு இல்லைன்னும் நீட்டோணும். ஏம்மிணி?"

குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

"பாக்கலாம்," என்றார் அவர். போன் வைக்கப்பட்டது.

தோழி மீதி பஜ்ஜியை டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தாள். கல்யாணத்தில் அந்த இடத்தில் யார் நிற்பார்கள் என்று நான் கேட்கவில்லை. தாளில் புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டாம், அந்த ஒரு எழுத்து மட்டும் என்று வாசலில் சொன்னாள்.

நாலைந்து நாள் கழித்து எனக்குத் தெரியாத இந்திய எண்ணிலிருந்து அழைப்பு.

"பேப்பர்காரம்மாங்களா?"

ஆமாம் என்றேன். மைத்துனர்தான்.

"அச்சாபீஸ்ல உக்காந்திருக்கறனுங்க. இந்தத் தம்பி, அசிரியர்னு ஒரு வார்த்தையே இல்லைங்க சார்னு ஒரே அழிச்சாட்டியம். கூடவே உக்காந்து ஒவ்வொரு ஆவன்னாவா எடுக்க வெச்சுட்டிருக்கறேன். தாளுக்கு அடியில, எழுதுனது துணை ஆசிரியர்னு உங்க பேருக்கு மேல போட்டிருந்தான், அதையும் அசிரியர்னு மாத்திட்டான். அது சரிங்களா?"

"அது மட்டும் ஆவன்னாங்க."

"தம்பி, அதை உடு. அப்பறம் இன்னொண்ணுங்க. அசூர்னு வருதே. ஒரு எடத்துல ஊருங்கறீங்க, ஒரு எடத்துல சாமிங்கறீங்க. எது சரி?"

"ரெண்டும் சரிங்க. ஊருக்கும் சாமிக்கும் அதே பேர். சனங்களுக்கும் அதிலிருந்துதான் வந்தது."

"மூணுக்கும் ஒரே பேருங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அதுல கை வெக்கக் கூடாதுங்களே," என்றார். பிறகு அச்சகத் தம்பியிடம், "கேட்டியா?" என்று சொல்வது கேட்டது. வருகிறாரா இல்லையா என்பது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி என்னுடையதல்ல.

புதிய தாள் ஊரில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது என்று மைத்துனர் மகன் தோழிக்குச் செய்தி அனுப்பினான். அதற்குப் பிறகு அங்கிருந்து போன் இல்லை. விமான டிக்கெட் ரத்தாகவில்லை என்பதை அவள் தினமும் இணையத்தில் பார்த்து உறுதிசெய்துகொண்டாள். இரண்டு இருக்கைகள், அவருக்கும் அவர் மனைவிக்கும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு என் காரில் போனோம். மகனுக்கு மீட்டிங். பயணிகள் வெளியே வரும் கதவுக்கு எதிரே நின்றோம். துபாய் விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் போய், துடைப்பத்தோடு ஒருவர் வந்து தரையைப் பெருக்க ஆரம்பித்த பிறகு, வெள்ளைச் சட்டையும் ஸ்வெட்டருமாக உயரமான ஒருவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். டிராலியில் ஒரே பெட்டி. தோழி அவருக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். கதவு மூடிக்கொண்டது.

"பெரியக்கா வரலீங்களா மாமா?"

"வரல."

"உடம்பு ஏதாச்சுங்களா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. புதுத் தாளைப் பாத்துட்டு அவ பொறந்தவனுக, பங்காளிக எல்லாம் உக்காந்து பேசுனாங்க. போக வேண்டாம்னுட்டாங்க. அவளும் சரின்னுட்டா."

அவர் ஸ்வெட்டரின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"நான் வந்திருக்கறேனில்ல," என்றார். "வண்டி எங்க நிக்குது?"